விரிக்காத குடை

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையிலேயே மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பங்களுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். கோடு போடுகிறவர் ஃப்ரீ த்ரோ கோட்டைக் கோணலாக இழுத்திருந்தார். சொன்னேன். "யக்கா, ஒங்க கண்ணுக்குத்தான் எல்லாம் கோணலாத் தெரியும்" என்றார். அழித்துவிட்டுத் திரும்பப் போட வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் கோம்பைத்துறை கூடைப்பந்துப் போட்டிக்கு இது நாற்பதாவது வருஷம். பன்னிரண்டு அணிகள். எவனெவனோ வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். போட்டியை நடத்துகிற எங்கள் வெண்புறா அணி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்த வருஷம் விட்டால் இனிமேல் கிடையாது. கேப்டன் என் வீட்டுக்காரர் தவமணி, வயது நாற்பத்து நாலு. இஸ்மாயிலுக்கு நாற்பத்தொன்று. குருசாமிக்கு நாற்பது என்று அவன் சொல்கிறான். புதுப் பையன்கள் எல்லாம் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். பேப்பர்காரன் போன வருஷமே எங்களை 'முதியோர் அணி' என்று எழுதினான். அவன் கை விளங்காது.

இவர் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வியர்வை ஊற்றியது. வெயில் அப்படி. தெருமுனை டாக்டர், நடக்கிற மெஷினில் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

மே 2, வியாழன்

டெஸ்ட் எடுத்தாயிற்று. நான் பள்ளிக்கூட ஆபீஸில் அட்மிஷன் ஃபாரம் எழுதிக்கொண்டிருந்ததால் கூடப் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்து இவரே சொன்னார்.

"ஒம்போது நிமிசம் நடக்கணும்னாங்க. ஆறுலயே போதும்னு நிறுத்திட்டாங்க."

"ஆட்டக்காரர்னு தெரிஞ்சிருக்கும். எதுக்கு வீணா நடக்க விடணும்னு நிறுத்தியிருப்பாங்க" என்றேன்.

"அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்லடி" என்றார்.

சிரிப்பதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?

மாவு அரைத்தேன். ஜெர்ஸி எட்டாம் நம்பரில் நூல் பிரிந்திருந்தது. தைத்தேன்.

மே 3, வெள்ளி

ஸ்கேன் சென்டருக்குப் போய் வந்தேன். தலைவலி. நாளை எழுதுகிறேன்.

மே 4, சனி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"ரிப்போர்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"என்ன போட்டிருக்கு?"

உறையைப் பிரித்துப் படித்தேன். இங்கிலீஷில் நாலு வரி. "பாசிட்டிவ்னு போட்டிருக்கு" என்றேன்.

சட்னியில் தோசையைத் தொட்டவர் அப்படியே என்னைப் பார்த்தார். "பாசிட்டிவ்னா நல்லதுதான? கொரோனாவுக்குத்தான் பாசிட்டிவ்னா கெட்டது. இது நடக்குற டெஸ்ட்டு. பாசிட்டிவ்னா பாஸுன்னு அர்த்தம். என்ன?"

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். தீய்ந்துவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தேன். அவர் புரிந்துகொண்டதை நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். கீழே 'உடனடியாக இதய மருத்துவரை அணுகவும்' என்று ஒரு வரி இருந்தது. எல்லா ரிப்போர்ட்டிலும் அப்படி அச்சடித்தே வைத்திருப்பார்கள். இதய டாக்டர் மதுரையிலிருந்து புதன்கிழமைதான் நம் ஊருக்கு வருகிறார். புதனுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

மே 5, ஞாயிறு

வெண்புறா 58, கோவைக் கல்லூரி அணி 79.

எந்த ஆட்டமானாலும் முதலில் ஸ்கோரை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என் வழக்கம். இருபது வருஷமாக அப்படித்தான். இன்றைக்கு எழுதக் கை வரவில்லை.

கல்லூரிப் பையன்கள் ஓடுகிறார்கள், நம்மவர்கள் பார்க்கிறார்கள். குருசாமி ஒரு ரீபவுண்டுக்குக் குதித்துவிட்டு, இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இஸ்மாயில் மட்டும் மூன்று பந்தை வெளியிலிருந்தே போட்டார். இவர் பன்னிரண்டு புள்ளி.

மூன்றாவது குவார்ட்டரில் தூறல். கேலரி முழுக்கக் குடை விரிந்தது. நான் நனைந்தேன். பக்கத்தில் இருந்த வெளியூர் அம்மா, "மடியில குடைய வச்சுக்கிட்டு நனையிறீகளே, ஓட்டையா?" என்று கேட்டார். உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளியூர் போட்டியில் இவர் காய்ச்சலோடு ஆடி மயங்கி விழுந்தார். மறுநாள் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னார். "பந்து கையில இருந்தா எனக்கு நிதானம் தெரியாது. கோச் சொன்னாலும் கேக்க மாட்டேன். நீ மேல இருந்து பாத்துக்கிட்டே இரு. போதும்னு ஒனக்குப் பட்டா ஒஞ் செவப்புக் குடைய விரி. அதுக்கு மட்டும் கட்டுப்படுறேன்." அன்றிலிருந்து அந்தக் குடையை நான் மைதானத்தில் விரித்ததே இல்லை, மழைக்கும் சரி, வெயிலுக்கும் சரி. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

இன்று ஒவ்வொரு டைம் அவுட்டிலும் இவர் மேலே நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். நான் முஷ்டியை மடக்கிக் காட்டினேன். ஆடுங்க என்று.

மே 6, திங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் இவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் நெஞ்சு கரிக்கிறதாம். நேற்றுச் சாப்பிட்ட பரோட்டா. ஜீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

மே 8, புதன்

வெண்புறா 66, எர்ணாகுளம் அணி 65!

ஒரு புள்ளி! ஒரே ஒரு புள்ளி! லீக்கில் ஒன்று தோற்றாலும் இந்த ஒன்றை ஜெயித்துக் கால் இறுதிக்கு வந்துவிட்டோம். கடைசி ஒன்பது விநாடி. பந்து இஸ்மாயிலிடம். அவர் மூன்று பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு எறிகிற மாதிரி எறிந்தார். அது இவர் கைக்குத்தான் வந்தது. இருபது வருஷமாக அந்தப் பந்து அந்த இடத்துக்குத்தான் வரும், இவர் அந்த இடத்தில்தான் நிற்பார். திரும்பிப் போட்டார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. நான் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. என் மகள் நிறைமதி காதைப் பொத்திக்கொண்டாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருக்கிறாள். பந்து என்றாலே அவளுக்கு ஆகாது, எனக்காகத்தான் வருகிறாள்.

ஊரே இவரைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. இறக்கிவிட்டதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. இதய டாக்டரிடம் இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன் வாங்கியிருந்தேன். ஆட்டமும் ஆறு மணிக்கு. காலையிலேயே போன் பண்ணி அடுத்த புதனுக்கு மாற்றிவிட்டேன். "அவசரம் இல்லையே?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

மே 9, வியாழன்

இன்று ஆட்டம் இல்லை. மிளகாய் காயப்போட்டேன். ரேஷனில் பாமாயில் வந்திருந்தது. வரிசையில் எல்லாரும் நேற்றைய ஆட்டத்தைப் பற்றியே பேசினார்கள். "கேப்டன் வீட்டம்மா முன்னால போங்க" என்று வழி விட்டார்கள். போனேன்.

பரணில் பழைய பெட்டியைத் துடைக்கும்போது என் சான்றிதழ்கள் கிடைத்தன. மாவட்டப் பள்ளி அணி, சுகந்தி, பந்தைக் கடத்திக் கொடுக்கிற கார்டு ஆட்டக்காரி. எனக்கு வலது கையைவிட இடது கை நன்றாக ஓடும். இருபது வயதில் கல்யாணம். "டவுசர் போட்டு ஆடுற மருமக நமக்கு ஒத்து வராது" என்று மாமனார் ஒரு வரியில் முடித்துவிட்டார். இவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "ஒனக்கும் சேத்து நானே ஓடுறேன்டி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே 10, வெள்ளி

கால் இறுதி. வெண்புறா 81, கரூர் அணி 77. கூடுதல் ஐந்து நிமிஷம் ஆடி ஜெயித்தோம்.

ஆட்டத்தைச் சொல்கிறேன். நாலாவது குவார்ட்டர் முடிந்தபோது இரண்டு பக்கமும் எழுபது. குருசாமி ஐந்தாவது ஃபவுலில் வெளியே போய்விட்டான். எங்களிடம் பெஞ்சில் உட்கார வைக்க ஆள் இருந்தால்தானே மாற்ற? கோச் ரத்தினவேல் சார் இவரிடம் ஏதோ கேட்டார். இவர் பதில் சொல்லாமல் மேலே என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சாரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் முஷ்டியைக் காட்டினேன்.

இவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் ஏழு புள்ளி போட்டார்.

முடிந்ததும் கேலரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். இடைவேளையில் தின்ற வாழைப்பழம். இரண்டு வாழைப்பழம் தின்றார், நானே பார்த்தேன். உதடு கொஞ்சம் வெளுத்திருந்தது. அந்த விளக்கு வெளிச்சத்தில் எல்லார் உதடும் வெளுப்பாகத்தான் தெரியும்.

அரை இறுதி! வெண்புறா அரை இறுதிக்கு வந்து பதினாறு வருஷம் ஆயிற்று.

மே 11, சனி

மத்தியானம் நிறைமதி கடைக்குப் போகக் குடை எடுத்தாள். சிவப்புக் குடையை யாரும் எடுக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அதை வைக்கும் பையில்தான் ரிப்போர்ட்டும் இருந்தது. அடியில் மடித்து வைத்திருந்தேன்.

அடுப்படிக்கு வந்து வாசலில் நின்றாள். கையில் அந்தத் தாள்.

"அம்மா. பாசிட்டிவ்னா நல்லதில்ல."

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "தெரியும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆமாம், தெரியும். மூன்றாம் தேதியே தெரியும். தாளைக் கொடுத்த பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கும் போல, ஓட விடாதீங்க, உடனே காட்டுங்க" என்று சொன்னாள். அன்றைக்குத் தலைவலி என்று எழுதிவைத்தேன். தலைவலி ஒன்றும் இல்லை. என் நோட்டில் நானே பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பாவுக்கு?" என்று கேட்டாள்.

"அவரு பாஸுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"நீ சொல்லலையா?"

"நாளைக்கு ஒரு ஆட்டம்டி. ஜெயிச்சா இன்னும் ஒண்ணு. அப்புறம் அவரே நிறுத்திருவாரு. புதன்கிழமை டோக்கன் போட்டிருக்கேன்."

நிறைமதி அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன். "செத்துப் போயிட்டா கோப்பைய எங்க வைப்ப?" என்று கேட்டாள்.

அடித்துவிட்டேன். பதினேழு வயதுப் பெண்ணை, புளிக் கையோடு. பிறகு காலையில் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

மே 12, ஞாயிறு

காலை: சொல்ல முடியவில்லை. ஏழு மணிக்கே அணி மொத்தமும் வீட்டுக்கு வந்துவிட்டது. ரத்தினவேல் சார் மாலையோடு வந்தார். இஸ்மாயில் வீட்டிலிருந்து பாயசம் வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? கூட்டம் குறைந்ததும் நிறைமதியே போய், "அப்பா, அந்த ரிப்போர்ட்டு..." என்று ஆரம்பித்தாள். இவர் அவள் தலையைத் தடவி, "பாசிட்டிவ்தான கண்ணு, அம்மா படிச்சுச் சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டு ஷூவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் கிளம்பும்போது நிறைமதி குடையை எடுத்து என் கையில் வைத்தாள்.

இனி எழுதுவது மறுநாள் மதியம், மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவில்.

சென்னை அணி. எல்லாரும் ஆறடிக்கு மேல். எங்கள் ஆட்கள் முதல் குவார்ட்டரில் ஒன்பது புள்ளி பின்னால். பிறகு மெதுவாக, நிதானமாக, ஓடாமல் ஆடி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஓடத் தெம்பில்லாதவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றே ஆடினார்கள். அந்த மாதிரி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. கடைசிக் குவார்ட்டரில் நாலு நிமிஷம் இருக்கும்போது முன்னால் வந்துவிட்டோம். கேலரிப் பலகை அதிர்ந்தது. நான் மட்டும் கத்தவில்லை. எனக்கு ஸ்கோர் போர்டு தெரியவில்லை, இவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. சாம்பல் பூத்திருந்தது. வாழைப்பழம் இல்லை, விளக்கு வெளிச்சம் இல்லை, பரோட்டா இல்லை.

இவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நின்றார். எப்போதும் மூன்று தடவை பந்தைத் தட்டிவிட்டுத்தான் போடுவார். ஒரு தடவை தட்டினார். இடது கை கீழே தொங்கிவிட்டது. ஒரு கையால் பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கூடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

என் முஷ்டி பாதி மடங்கியிருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு குடையை எடுத்தேன். பதினோரு வருஷம் மடங்கியே கிடந்ததில் பொத்தான் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினேன். நிறைமதியும் சேர்ந்து அழுத்தினாள். படாரென்று விரிந்தது.

"ஏய், யாரு அது? குடைய மடக்குங்க, மறைக்குது!" என்று பின்னால் சத்தம். "மழையா பேயுது?" என்றார்கள். தெரிந்தவர்கள் மட்டும் அமைதியாகிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கேலரியே அமைதியாகிவிட்டது. நான் குடையை இன்னும் உயரத் தூக்கினேன்.

இவர் சிரித்தார். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி பந்தை ரெஃப்ரியின் கையில் பத்திரமாக வைத்துவிட்டு நடந்து வந்தார். பெஞ்சு வரை வரவில்லை. கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளூர் டாக்டர் மாத்திரையைக் கடிக்கக் கொடுத்து, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் மதுரைக்கு அனுப்பினார். ரத்தினவேல் சார் கார். முன்னால் நிறைமதி. பின்னால் இவர் தலை என் மடியில்.

ஆண்டிபட்டி தாண்டும்போது நான் சொன்னேன். "பாசிட்டிவ்னா பாஸ் இல்லைங்க."

"தெரியும்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"டெஸ்ட் எடுத்த அன்னைக்கே அந்தப் பொண்ணு சொல்லிருச்சு. அடைப்பு மாதிரி தெரியுது, வெளையாடாதீங்கன்னு."

"அப்புறம் எதுக்கு நல்லதுதானன்னு எங்கிட்ட கேட்டீங்க?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ இல்லன்னு சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. சரி, ஆடணும்னு ஆசப்படுறா போலன்னு ஆடுனேன். எனக்கும் ஆச இல்லாமயா? நானா விட முடியலடி. அதான் ஒவ்வொரு டைம் அவுட்டுக்கும் மேல பாத்துக்கிட்டே இருந்தேன்."

நிறைமதி முன் சீட்டில் திரும்பவே இல்லை. ரத்தினவேல் சார் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினார்.

மே 13, திங்கள்

இரண்டு இடத்தில் அடைப்பு. ராத்திரியே ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாய் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். இனி பந்தைத் தொடக் கூடாது.

காலையில் காபி வாங்க வெளியே போனால் வெயில். குடையைக் காரில் விரித்தபடியே போட்டிருந்தோமாம், ஒரு கம்பி வளைந்துவிட்டது என்று சார் வருத்தப்பட்டார். எங்கள் ஆட்டம் என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே போனதும் இவர்தான் கேட்டார். "ஸ்கோர் என்னடி?"

"தெரியாது."

"நீயா தெரியாதுங்குற?" என்று சிரிக்கப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் என்னைத் திட்டினாள். நேற்றைய தேதிக்கு நான் இன்னும் ஸ்கோர் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். கையில் நிறைமதி கொடுத்திருந்த எங்கள் ஊர் ரிப்போர்ட். மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கைக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நேத்துத்தான் சார் வந்துச்சு. பாத்ததும் இவதான் ஆட்டத்துல இருந்து கூட்டிட்டு வந்துட்டா."

டாக்டர் என்னைப் பார்த்து, "நல்ல வேலை செஞ்சீங்கம்மா" என்றார். எழுத ஆரம்பித்தார். இவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் விரலைப் பிடித்து அழுத்தினார், பேசாமல் இரு என்று. நிறைமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை நான் திருத்தினேன்.

"இல்ல டாக்டர்" என்றேன். "பத்து நாளாச்சு. எங்கிட்டதான் இருந்துச்சு."